அசுவினியில் இறந்தவள்

மேல வீதியிலிருந்து பிரிகிற அந்தச் சந்துக்குள் சைக்கிள் ரிக்‌ஷா நுழைந்தபோது காலை மணி பத்தரை. ஆவணி மாதத்து வெயில் ஓட்டுக்கூரைகளின் மேல் ஏறிவிட்டிருந்தது. சாவு வீட்டு வாசலில் நின்றவர்கள் வண்டிக்கு வழிவிட்டார்கள். இறங்கியவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு கையில் தோல் பை. இன்னொரு கையில் ஐஸ் நிரப்பிய, வாய் அகன்ற பிளாஸ்க். செருப்பைக் கழற்றும்போதும் அவர் பிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை.

வைத்திலிங்கம் அவரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். கடலூர் ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் முஹம்மது யூசுப். இவ்வளவு சீக்கிரத்தில் வந்து நிற்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. யார் சொல்லி அனுப்பியது என்று திரும்பிப் பார்த்தார். கூடத்து மூலையில் நின்ற வேலைக்காரி இருசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடிந்ததும் அவள் எங்கோ ஓடிவிட்டு வந்தது தந்தி ஆபீசுக்குத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. செத்தவள் உயிரோடு இருக்கும்போதே எல்லா ஏற்பாட்டையும் செய்துவைத்திருக்கிறாள்.

செத்தவள் தில்லையம்மாள். வைத்திலிங்கத்தின் மனைவி. அன்று விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு, இருசம்மாள் ஊற்றிய பால் கடைவாயில் வழிய, அவள் அடங்கினாள். அப்போது அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்தான். சாகிறவள், இருசம்மாள், அவர். மற்றவர்களுக்குச் செய்தி விடிந்த பிறகுதான் போனது; எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. கூடத்தில் தெருக்கதவுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்து அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அது அவருடைய பழக்கம். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு குமாஸ்தாவாக முப்பது வருஷம் உட்கார்ந்தவர். சிதம்பரத்தில் யார் எத்தனை மணிக்குச் செத்தார்கள் என்று அவரைக் கேட்டால் தெரியும் என்பார்கள்.

வயிற்றில் கட்டி என்று தில்லையம்மாள் இரண்டு மாதம் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடமில்லாமல் அவளைக் கண் வார்டை ஒட்டிய தாழ்வாரத்தில் போட்டிருந்தார்கள். அடுத்த கட்டிலில் பொன்னி என்று ஒருத்தி. இருபது வயது. அம்மை போட்டு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. அம்மை கண்டபோது அவள் பிள்ளைத்தாய்ச்சி. பிழைத்து, பெற்று, பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. அதன் முகத்தை அவள் பார்த்ததில்லை. புருஷன் போய்விட்டான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பன் காத்தவராயன் சாயங்காலம் தூக்குப் போணியில் கஞ்சி கொண்டுவருவான். பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைப்பான். பொன்னி விரல் நுனியால் பிள்ளையின் நெற்றி, மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வருவாள். தில்லையம்மாள் ஒருக்களித்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் டாக்டர் வந்தபோது கேட்டாள். "நான் எப்படியும் போவப் போறவ. எங் கண்ணு இவளுக்கு ஆவுமா தம்பி?"

"ஆகும்மா. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். அதுக்கு மேல போனா பிரயோஜனமில்ல."

காகிதம் வந்தது. தில்லையம்மாள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் வைத்திலிங்கம் போட்டார். அங்கே நின்ற நர்ஸ், "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு பேரிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டும் வந்தார்.

அது ஜூன் மாதம். இப்போது பிளாஸ்க் வாசலில் நிற்கிறது.

"யாரு மாமா இந்த ஆளு? என்னா டப்பா அது?" என்றான் கொளஞ்சியப்பன். தில்லையம்மாளின் தம்பி. விருத்தாசலத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டவன்.

டாக்டரே சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கூடத்தில் அழுகை நின்றுவிட்டது.

"கண்ணு இல்லாம அனுப்பணுமா எங்கக்காவ? அடுத்த பொறப்புல அது என்னா, கோலு புடிச்சுக்கிட்டா நடக்கும்?"

"அதெல்லாம் கெடக்கட்டும்டா," என்றாள் சுவரோரம் இருந்த ஒரு கிழவி. "எடுத்துட்டுப் போயி யாருக்கு வெப்பாங்களாம்? அதக் கேளு மொதல்ல."

டாக்டர் பதில் சொல்லவில்லை. அந்தப் பேசாமையிலேயே எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஒருத்தி புடவையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வைத்திலிங்கத்தின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஐயா, நீங்கதான் சாட்சி. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். பத்து நிமிஷ வேலை. பஞ்சு வச்சு இமையை மூடிடுவேன். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அந்தப் பொண்ணைத் தயார் பண்ணிப் படுக்க வச்சிட்டு வந்திருக்கேன்."

வைத்திலிங்கத்துக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டவர். போட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். சரி என்று சொல்லவும் வரவில்லை. கூடத்தில் இருபது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தம்பி, உங்கள வீணா அலைய வச்சிட்டாங்க," என்றார். "அவ போனது நேத்து சாயங்காலம். ஏழரை இருக்கும்."

இருசம்மாளின் கையிலிருந்த சொம்பு சுவரில் இடித்தது.

டாக்டர் அறைக்குள் போய், தில்லையம்மாளின் பக்கத்தில் குந்தினார். துக்கம் விசாரிப்பவர் போல அவளுடைய வலது கையை எடுத்தார். முழங்கையை மெதுவாக மடக்கினார். நீட்டினார். பழையபடி வைத்தார்.

"நேத்து ஏழரை."

"ஆமா."

"சரிங்கய்யா."

வெளியே போய்ப் பிளாஸ்க்கைத் திறந்து ஐஸைச் சந்து ஓரத்தில் கொட்டினார். ரிக்‌ஷாக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வருகிறவரை டாக்டர் வெயிலில், கரைகிற ஐஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் அங்கே நிற்கும்போதுதான் பஞ்சாங்கக்காரர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏழரைன்னா ரேவதியாச்சே. ராத்திரி பத்தேகால் வரைக்கும் ரேவதிதான் ஓடியிருக்கு. அதுக்கப்புறம் போயிருந்தா அசுவினி, ஒரு வில்லங்கமும் இல்ல. இப்ப அடைப்பு விழுந்துடுச்சே. ஆறு மாசம்."

ஆயிரம் சாவுக்கு நேரம் எழுதிய வைத்திலிங்கம், பொய் சொல்லும்போது நட்சத்திரத்தை மறந்துவிட்டார். அடைப்பு நட்சத்திரத்தில் போன உயிர் வீட்டை விட்டுப் போகாது என்பார்கள். செத்த அறையை ஆறு மாதம் அடைத்து வைக்கவேண்டும். அந்தியில் உள்ளே விளக்கேற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கவேண்டும். பிணத்தைக்கூட வாசல் வழியாகக் கொண்டுபோகக்கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்கவேண்டும். உறவுக்காரர்கள் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்.

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். ஐந்து நாற்பது என்று சொன்னால் போதும். அடைப்பு இல்லை. ஆனால் சந்தில் டாக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஆறு மணி நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

வாயை மூடிக்கொண்டார்.

அறையின் தோட்டத்துப் பக்கச் சுவரை இடித்து, அந்த வழியாகத் தில்லையம்மாளை எடுத்துப் போனார்கள். பிறகு செங்கல் வைத்து அடைத்தார்கள். அறைக் கதவைச் சாத்தினார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் ஒருவரும் தங்கவில்லை. இருசம்மாள்கூட வாசற்படிக்கு இந்தப் பக்கம் வருவதில்லை. காலையில் சோற்றைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். "நான் பால் ஊத்துனது யாருக்குங்க ஐயா?"

அவர் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்தது. கொளஞ்சியப்பனுக்குப் பயந்தா? அது பாதி. கண் போகிற இடம் காத்தவராயன் வீடு என்பதாலா? அதுவும் உண்டு. மறுபிறவியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சாய்வு நாற்காலியில் கிடந்து, பேச ஆள் இல்லாமல், பல நாள் குடைந்து பார்த்ததில் அடியில் வேறொன்று கிடந்தது. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், பொன்னி பிள்ளையைத் தடவுவதைப் பார்த்த மாதிரி அவரை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் கண்கள் இனி வேறொரு முகத்தில் இருந்துகொண்டு அவரைப் பார்க்கக்கூடாது. அவரைப் பற்றி அவற்றுக்கு என்னவெல்லாம் தெரியுமோ, அவ்வளவும் எரிந்து போகட்டும்.

அறையைப் பற்றி முதலில் அவருக்குப் பயம் இல்லை. ஊரெல்லாம் பயந்தது. அவருக்குத் தெரியும், அவள் போனது அசுவினியில். உள்ளே யாரும் இல்லை. அந்தியில் கடமைக்குக் கதவைத் திறந்து விளக்கேற்றித் தண்ணீர் வைத்தார். மறுநாள் அந்தியில் டம்ளர் வைத்தபடியே இருக்கும். அப்படித்தானே இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், எதற்கோ தலையைத் தூக்கினார். யாரோ பார்ப்பது போல் இருந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. எதிரே சாத்திய அறைக் கதவு. பழைய பலாமரக் கதவு, பச்சை வர்ணம் அடித்தது. அதில், ஒரு பெண்பிள்ளை நின்றால் முகம் வருகிற உயரத்தில், இரண்டு இடம் ஈரமாக இருந்தது.

ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டை அகலம். இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை.

துண்டால் துடைத்தார். துண்டில் ஈரம் வந்தது. முகர்ந்து பார்த்தார், வாசனை எதுவும் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. நாற்காலிக்குத் திரும்பி வந்து பார்த்தால் மறுபடி ஊறியிருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு அது காய்ந்தது. ஈரம் மெல்லச் சுருங்கி, புள்ளியாகி, மறைந்தது. மரம் மரமாக இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து கடிகாரத்துக்குக் கீழே நின்றார்.

ஐந்து நாற்பது.

கதவில் இரண்டு இடம் கறுத்தது.

வைத்திலிங்கம் கணக்குத் தெரிந்தவர். ஐந்து நாற்பதிலிருந்து பதினொன்று நாற்பது. ஆறு மணி நேரம். அந்தக் காலைப்பொழுது முழுவதும் கண்கள் உயிரோடு இருந்தன. எடுக்க வந்தவரை அவர்தான் திருப்பி அனுப்பினார். ஊருக்கு அவள் ரேவதியில் செத்தவள். அவர் வாயாலேயே அவளை ரேவதியில் சாகடித்து, ஆறு மாதம் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியும் ஆகிவிட்டது.

அதன்பிறகு காலையில் வீட்டில் இருப்பதை விட்டார். நாலு வீதியையும் சுற்றினார். கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்தார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் அதுவும் முடியாமல் போயிற்று. கதவில் ஒரு காலண்டரை மாட்டினார். மூன்றாம் நாள் முருகன் படத்தின் மார்பில் இரண்டு இடம் ஊறிக் காகிதம் நைந்தது. வாரக்கடைசியில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் ஈரமான பச்சை மரம் தெரிந்தது.

காலண்டரைக் கழற்றி எறிந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கதவுக்கு முதுகைக் காட்டி, தெருக்கதவையும் அதன் மேலிருந்த கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு, தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மாசி பிறந்ததும் கடலூருக்குப் பஸ் ஏறினார்.

டாக்டர் யூசுப் அவரைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு வேற கண்ணு கெடச்சுதா தம்பி?"

"ஊர் ஊராக் கேட்டுப் பார்த்தோம். உங்க ஆளுங்க அடுத்த பிறவியில குருடாயிடும்ங்கறாங்க. எங்க ஆளுங்க மையத்த, செத்த உடம்ப, அறுக்கக் கூடாதுங்கறாங்க. நான் இதைப் பேசுறேன்னு எங்க மாமு வீட்டுல எனக்குச் சோறு கிடையாது. கோயில் குளம் பார்க்காத ஆளுங்களும் இருக்காங்க, அவங்க கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுக்கறாங்க. சாவு விழுந்தா தந்தி வர்றதில்ல." மேஜை மேலிருந்த பேனாவை மூடினார். "கார்த்திகை மழையில பொன்னிக்குக் கண்ணு சீழ் பிடிச்சுச்சு. இனி யாரு குடுத்தாலும் வைக்க முடியாது."

வைத்திலிங்கம் அந்தப் பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "என் கண்ண எழுதித் தர்றேன். இன்னிக்கே," என்றார்.

"எழுதலாம்ங்கய்யா. காகிதம் நிறைய இருக்கு." டாக்டரின் குரலில் கோபம்கூட இல்லை. "அன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல யாரு நிப்பாங்க?"

எழுந்து வெளியே வரும்போது டாக்டர் முதுகுக்குப் பின்னால் சொன்னார். "அவங்க கை நல்லா மடங்குச்சு. பதினஞ்சு மணி நேரம் ஆன கை அப்படி மடங்காது. உங்களைப் பொய்யர்னு சொல்லிட்டு அந்த வீட்ல கத்தியை எடுக்க எனக்குத் தைரியம் வரல. அதையும் தெரிஞ்சுக்கங்க."

காத்தவராயனின் குடிசை பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உப்புக் காற்றும் கருவாட்டு வாடையும் அடித்தன. காலை மணி பதினொன்று இருக்கும். பொன்னி வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். கண் இருந்த இடத்தில் இமை உள்வாங்கிக் கிடந்தது. காத்தவராயன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, "சிதம்பரத்து ஐயா வந்திருக்காரும்மா," என்றான்.

"தெரியும்ப்பா," என்றாள் பொன்னி. "இன்னிக்கு நாக்காலி காலியாத்தான் இருக்குது."

வைத்திலிங்கம் குடிசை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் சொன்னா டாக்டரய்யா நம்ப மாட்டேங்குறாரு. மனசு கலங்கிப்போச்சுங்குறாரு," என்றாள் அவள். கூழை ஊட்டும் கை நிற்கவில்லை. "அம்மா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க ஐயா. காலைல எனக்குக் கண்ணு தெரியுது. ஆனா இங்க இருக்குறது எதுவும் தெரியல. ஒரு கூடம் தெரியுது. எதுத்தாப்புல தெருக்கதவு, அதுக்கு மேல ஒரு கடியாரம். நடுவுல நாக்காலி. நாக்காலில முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ஆளு. பொடனில கறுப்பா மச்சம்."

வைத்திலிங்கத்தின் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று.

"நடுவுல கொஞ்ச நாளு வெள்ளைக் காயிதமா மறைச்சுது. அப்பறம் அது ஓட்டையாப் போச்சு." பொன்னி பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "மாசக்கணக்கா உங்க முதுகத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் ஐயா. எம் புள்ள மூஞ்ச இன்னும் பாக்கல."

காத்தவராயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்குறேன். தப்பா நெனைக்காதீங்க. ஒரு நாளு, ஒரு நிமிசம், இந்தப் புள்ளய உங்க கூடத்துல வுடுங்க. நான் உள்ள வரல. வெளியவே நின்னுக்குறேன். அம்மா பாத்தா நான் பாத்த மாதிரி."

வைத்திலிங்கம் அன்று நெஞ்சார ஒரு காரியம் செய்தார். "புதன்கிழமை வாம்மா," என்றார். வியாழக்கிழமை அடைப்பு முடிகிறது. ஐயர் வந்து சாந்தி செய்து கதவைத் திறந்துவிட்டால் அப்புறம் எதுவும் இல்லை. "காலைல வா. பதினொன்னு நாப்பதுக்குள்ள."

திரும்பி வரும்போது அவருக்கு மனசு லேசாக இருந்தது. பஸ் ஜன்னலில் காற்று அடித்தது. ஆறு மாதத்தில் முதல் முறையாகக் கண்ணை மூடித் தூங்கினார்.

புதன்கிழமை காலையில் அவர் எதிர்பாராதது நடந்தது. மறுநாள் சாந்திக்காகக் கொளஞ்சியப்பனும் உறவுக்காரர்களும் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அடைப்பு முடியாத வீட்டுக்குள் வராமல், எதிர்வீட்டு வாசலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் எங்கேயோ பழுதாகிப் போயிருக்கவேண்டும். பதினொன்று பத்தாகியும் பொன்னியைக் காணோம். வராமல் போனால் நல்லது என்று அவர் நினைத்தார். நினைத்ததும், சந்துமுனையில் காத்தவராயன் தெரிந்தான்.

மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். அவள் இடுப்பில் பிள்ளை. சிவப்புக் கவுன் மாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார்கள்.

எதிர்வீட்டில் பேச்சு நின்றது.

"யாரு மாமா இவங்க?" என்றான் கொளஞ்சியப்பன். அவனுக்குத் தெரியும் என்பது குரலிலேயே தெரிந்தது.

வைத்திலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. கூடத்துக்கு அந்தக் கோடியில், தெருக்கதவுக்கு நேர் எதிரே, பச்சைக் கதவில் இரண்டு இடம் பளபளவென்று ஈரமாக இருந்தது. அவர் போய்த் தெரு வாசற்படியில் நின்றுகொண்டார்.

பொன்னி படிக்குக் கீழே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. சிரிக்கப் போகிறவள் போல முகம் தயாராக இருந்தது.

"நேரமாயிடுச்சா ஐயா?"

எதிர்வீட்டு ஜமுக்காளத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஆயிடுச்சும்மா," என்றார் வைத்திலிங்கம். "பன்னெண்டு அடிச்சாச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதே இடம். அதே பொய்.

பொன்னி தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். "இல்லீங்களே. உங்க தலைக்கு மேல கடியாரம் தெரியுது. ரெண்டு முள்ளும் மேல ஒண்ணு சேரலீங்களே."

அவர் கை நிலைக்காலைப் பிடித்துக்கொண்டது.

"உள்ள வேணாம் ஐயா. இங்கயே போதும். கதவுக்கு நேராத்தான் நிக்கிறேன்." அவள் பிள்ளையை இடுப்பிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் தனக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் நகருங்க. உங்க முதுகுதான் மறைக்குது."

ஓரடி நகர்ந்தால் போதும். இடது பக்கமோ வலது பக்கமோ. அவர் நகரத்தான் நினைத்தார். நகர்ந்தால், ஏன் நகர்ந்தாய் என்று தெரு கேட்கும். அங்கே யார் இருக்கிறது என்று கேட்கும். ரேவதியா அசுவினியா என்று கேட்கும். அவருடைய கால் படியோடு ஒட்டிக்கொண்டது.

"ஐயா."

வெயில் பிள்ளையின் முகத்தில் நேராக விழுந்தது. அது அவரைப் பார்க்கவில்லை. அவர் இடுப்புக்குப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, உள்ளே, அந்தக் கோடியில் இருப்பதைப் பார்க்க எட்டியது. பார்த்து, அரிசிப் பல் தெரியச் சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.

"யாரப் பாத்து சிரிக்குது?" என்றாள் பொன்னி. "அப்பா, எம் புள்ள சிரிக்குதா?"

"சிரிக்குதும்மா," என்றான் காத்தவராயன்.

அவள் பிள்ளையைத் தூக்கியபடியே நின்றாள். இறக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தாள் என்று தெருவில் யாரும் கணக்கு வைக்கவில்லை. வைத்திலிங்கத்தின் முதுகுக்கு மட்டும் தெரியும். சட்டையைத் தாண்டி, தோலைத் தாண்டி, இரண்டு இடத்தில் வெதுவெதுப்பாக ஊறிக்கொண்டிருந்தது.

பிறகு பொன்னியின் முகம் அணைந்தது.

"போயிடுச்சுப்பா," என்றாள். பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வைத்திலிங்கம் இருந்த திசையில் கும்பிட்டாள். அவர்கள் சந்துமுனை திரும்புகிறவரை பிள்ளை பின்னால் பார்த்துக்கொண்டே போயிற்று.

வியாழக்கிழமை சாந்தி முடிந்தது. பச்சைக் கதவைத் திறந்து அறையைக் கழுவிவிட்டார்கள். தோட்டத்துச் சுவரில் புதுச் சுண்ணாம்பு அடித்தார்கள். உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டார்கள். கொளஞ்சியப்பன் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினான். "அக்கா நல்லபடியாப் போய்ச் சேந்துடுச்சு மாமா," என்றான். கதவு அன்று முழுவதும் காய்ந்தே இருந்தது. வைத்திலிங்கம் நூறு தடவையாவது அதைத் தடவிப் பார்த்திருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் குளித்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். இருசம்மாள் ஆறு மாதத்துக்குப் பிறகு படியேறி உள்ளே வந்து கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கடந்து போனார்.

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"ஐயா, ஈரத்தோட சட்டையப் போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லியே. ஏன்?"

"முதுகுல நனைஞ்சிருக்கு. ரெண்டு எடத்துல."

வைத்திலிங்கம் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. உள்ளே போய்ச் சட்டையை மாற்றினார். இன்னொரு தடவை மாற்றினார். மூன்றாவது சட்டையைப் போட்டுக்கொண்டு, அறையின் தோட்டத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். பதினொன்று நாற்பதுக்கு அவர் எழுந்தபோது, முந்தின நாள் அடித்த சுண்ணாம்பில், புளியங்கொட்டை அகலத்தில், இரண்டு தடம் இருந்தது.